மாதாவுக்கு இரவல் போன பட்டு

வியாகுல மாதாவின் இடுப்பளவு கேட்டு மிலானிலிருந்து மூன்று மின்னஞ்சல்கள் வந்துவிட்டன. மூன்றாவதை என் அக்கா நுன்சியாவிடம் படித்துக் காட்டியபோது அவள் எலும்பு வெட்டிக்கொண்டிருந்தாள். அப்பா விட்டுப்போன கறிக்கடையைத் தெற்கே எங்கள் ஊரான ரொக்கமூராவில் அவள்தான் நடத்துகிறாள். கோயிலில் மாதா சொரூபத்துக்கு உடுத்திவிடும் ஆறு பெண்களுக்குத் தலைவியும் அவள்தான்.

"மாதா இடுப்பளவு மிலான்காரனுக்கு எதுக்குடா?"

"உடுப்பு தைக்கத்தாங்கா."

"நேர்ல வந்து கேக்கட்டும். வந்தாலும் சொல்லமாட்டேன், அது வேற."

"தோராயமாவாவது சொல்லேன்."

"நம்ம அம்மா இடுப்பளவ எவனாவது மெயில்ல கேட்டா தோராயமா சொல்லுவியா?"

கத்தி மறுபடி இறங்கியது. அளவு தரப்படவில்லை என்று மிலானுக்கு எழுதினேன். 'மாடல் அளவிலேயே தைக்கிறோம்' என்று பதில் வந்தது.

நான் சாரோ. கத்தானியாவில் பொறியியல் படிப்பை மூன்றாம் ஆண்டில் விட்டுவிட்டு வடக்கே போனவன். நோவாராவுக்குப் பக்கத்தில் தார்வெல்லி நிறுவனத்தின் கிடங்கில் ஏழு வருஷம் இரவு வேலை. பகலில் தூங்குகிறவனுக்கு நண்பர்கள் இருக்கமாட்டார்கள், காதலி இருக்கமாட்டாள், தோலின் நிறம்கூட மாறிவிடும். குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

தார்வெல்லியைத் தொடங்கிய கிழவர் அரண்மனைக் குதிரைகளுக்குச் சேணம் தைத்தவர் என்று அவர்களுடைய கடைச் சுவர்களில் பொன்னெழுத்தில் இருக்கும். உண்மையில் அவர் மிலான் ரயில் நிலையத்துக்கு எதிரே குடை விற்றார். குடை விற்பது கௌரவமான தொழில்தான். ஆனால் குடைக்குப் பரம்பரை கிடையாது, குதிரைக்கு உண்டு. அதனால் அவர் செத்து இருபது வருஷம் கழித்து அவருக்கு ஒரு குதிரை வாங்கிக் கொடுத்தார்கள். மகன் காலத்தில் கைப்பை வந்தது, பேரன் காலத்தில் வாசனைத் திரவியம். பிறகு பேரன் எல்லாவற்றையும் பாரிஸ்காரர்களுக்கு விற்றுவிட்டு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம்தான் தார்வெல்லி மேலும் மேலும் இத்தாலியத்தனமாக ஆனது.

எங்கள் ஊரில் தார்வெல்லி கடை கிடையாது. தார்வெல்லி இல்லாத வீடும் கிடையாது. வியாழக்கிழமைச் சந்தையில் போலி பெல்ட் மூன்று தினுசு கிடைக்கும். எவரோ பலெர்மோவில் எதையோ வாங்கிவந்த அசல் காகிதப் பை ஒன்று எங்கள் தெருவில் பதினோரு வருஷமாகக் கல்யாண வீடு கல்யாண வீடாகப் போய்வருகிறது. பங்குசாமியார் தோன் லிபோரியோவின் மூக்குக்கண்ணாடியில் தார்வெல்லியின் தங்க முத்திரை உண்டு. அது அசல் என்று சத்தியம் செய்வார். அவர் வேறு எதற்கும் சத்தியம் செய்து நான் கேட்டதில்லை.

வருஷத்துக்கு ஒரு ஊரைப் பிடித்து அந்த ஊரையே மேடையாக்கி உடுப்பு காட்டுவது நிறுவனத்தின் வழக்கம். அந்த வருஷத் தொகுப்புக்குப் பெயர் 'தெற்கின் துக்கம்'. அதைப் படைத்த குவால்த்தியெரோ, சுவிட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்து ஊர்க்காரர். தெற்கின் துக்கம் அவருக்கு ஒரு புகைப்படத்தில் கிடைத்தது. எங்கள் கோயில் படிக்கட்டின் புகைப்படம் அது. பத்திரிகைத் துறைத் தலைவி ஜினெவ்ரா ஊழியர் பட்டியலில் தேடி, ரொக்கமூராவில் பிறந்தவன் ஒருவன் கிடங்கில் இருப்பதைக் கண்டுபிடித்தாள்.

"உனக்கு அந்த ஊர் பாஷை வரும்ல, தங்கம்?" என்றாள். அவளுக்கு எல்லாரும் தங்கம்தான். "எல்லாம் நல்லபடியா முடிச்சுக் குடு. மிலான் ஆபீஸ்ல உனக்கு ஒரு நாற்காலி. பகல் வேலை. நிரந்தரம். ஜன்னல் உண்டு."

எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததற்கெல்லாம் வேறு காரணம் தேடவேண்டாம்.

முதல் சிக்கல் விதவைகள். படிக்கட்டின் இரண்டு பக்கமும் கறுப்பு உடுத்திய விதவைகள் வரிசையாக உட்கார வேண்டும் என்பது குவால்த்தியெரோவின் ஆசை. ஊரில் விதவைகள் இருபத்தாறு பேர் இருந்தார்கள். ஒருத்தியிடமும் கறுப்பு இல்லை. பூப்போட்ட சட்டை, ஓட்டப்பயிற்சிக் காலணி, மாலையில் நீச்சல் வகுப்பு என்று இருந்தார்கள். கடைசியில் மிலானிலிருந்தே கறுப்புத் துணி ஒரு வண்டி வந்தது. எங்கள் தெரு மெலீனா அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"எம் புருசன் செத்தப்பவே நான் கறுப்பு போடல. அவனுக்குப் போடாதத உங்களுக்குப் போடணும்னா, சாப்பாடு உண்டா?"

"உண்டு."

"உக்காந்தா மட்டும் போதுமா, அழணுமா?"

"உக்காந்தா போதும்."

"அழறதுன்னா தனியாச் சொல்லு. எனக்கு அழ வரும்."

இரண்டாவது சிக்கல் மாதா. நிகழ்ச்சியின் கடைசி உடுப்பு, நாற்பத்தேழாவது, எந்த மாடலுக்கும் இல்லை, மாதாவுக்கு என்று தீர்மானித்திருந்தார்கள். முக்காடு வைத்த கறுப்புப் பட்டு, கரை முழுக்கப் பொன்னிழை வேலை. தொள்ளாயிரம் மணிநேரக் கைவேலை என்று பத்திரிகைக் குறிப்பில் இருந்தது. எந்த நாட்டுக் கை என்று இல்லை. கிடங்கில் பெட்டி பிரிக்கிறவர்களுக்கு அது தெரியும். பெட்டியில் சென்னைத் துறைமுகத்தின் சீட்டு ஒட்டியிருக்கும்.

பத்திரிகைத் துறையிலிருந்து வெளியே போகும் உடுப்பு யாருக்கும் சொந்தமாவதில்லை. நடிகையோ மந்திரி மனைவியோ, உடுத்திப் படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தரவேண்டும். எல்லாம் இரவல். அதற்கு ஒரு படிவம் உண்டு. நிரப்பினேன். பெயர்: மரியா. குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் போகமாட்டேன் என்று கணினி அடம்பிடித்தது. வியாகுலம் என்று போட்டேன். தொழில் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு 'சமயப் பணி' என்று போட்டேன். சமூக ஊடகத்தில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பதற்குச் சுழியம். 'இவ்வளவு குறைந்த செல்வாக்குள்ளவருக்கு வழங்க மேலதிகாரியின் ஒப்புதல் தேவை' என்று சிவப்பில் வந்தது. ஜினெவ்ரா ஒப்புதல் கொடுத்தாள். பெற்றுக்கொண்டவர் கையெழுத்தை தோன் லிபோரியோ போட்டார், கூரியர் ரசீது என்று நினைத்து.

மாதாவுக்கு உடுத்தும்போது ஆண்கள் யாரும் உள்ளே போகக்கூடாது, சாமியாரானாலும். சனிக்கிழமை காலை கதவைச் சாத்திக்கொண்ட ஆறு பெண்களும் நாலு மணிநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார்கள். நுன்சியாவின் வாயில் இன்னும் இரண்டு குண்டூசி இருந்தது.

"அந்தப் பாவாடைக்குள்ள ரெண்டு மாதா போகலாம்டா. இருநூத்திப்பத்து ஊசி குத்தி நிறுத்தியிருக்கேன்." ஊசியை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டாள். "ஆனா பட்டுன்னா பட்டு. மாதாவுக்கு இந்த மாதிரி யாரும் குடுத்ததில்ல. உங்க முதலாளிங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும்."

கொடுக்கவில்லை, இரவல் என்று நான் அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

எங்கள் ஊரில் பிப்ரவரியிலிருந்து மழை இல்லை. தண்ணீர் லாரி ஒன்பது நாளைக்கு ஒருமுறை வரும். அன்று சூரியன் சாய்கிற நேரத்தில் நாற்பத்தாறு மாடல்களும் படியிறங்கி முடித்தார்கள். விதவைகள் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். மெலீனா யாரும் கேட்காமலே அழுதாள். கோயில் கதவு திறந்து, பன்னிரண்டு பேர் தோளில் மாதா வெளியே வந்தாள். அப்போது முதல் துளி விழுந்தது.

பிறகு வானம் கொட்டிவிட்டது. முன்வரிசை விருந்தாளிகள் நாற்காலியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். குடை விற்ற கிழவரின் நிறுவனத்தில் அன்றைக்கு ஒரு குடை இல்லை. ஊர்க்காரர்கள் ஓடவில்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். மாடியில் இருந்த வாளி, அண்டா, குளியல்தொட்டி எல்லாம் வெளியே வந்தன. தூக்கியவர்கள் மாதாவை இறக்க மறுத்துவிட்டார்கள். அந்த மழையில் அவள் முகத்தில், கண்ணுக்குக் கீழே, கறுப்பாக இரண்டு கோடு இறங்கியது.

"மாதா அழறா!" என்று மெலீனா கத்தினாள்.

ஊர் முழுக்கச் சேற்றில் மண்டியிட்டது. நான் ஏழு வருஷம் துணியோடு கிடந்தவன். முக்காட்டிலிருந்து ஒழுகியது என்னவென்று எனக்குத் தெரியும். சாயம்.

ஜினெவ்ராவுக்கும் தெரிந்திருந்தது. காபிக் கடையில் தலையைத் துவட்டிக்கொண்டே என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"சாயம்னு எவனாவது சொன்னானா?"

"இல்ல மேடம். அழுகைன்னுதான் சொல்றாங்க."

"அழுகையாவே இருக்கட்டும். ஆனா உடுப்பு திங்கக்கிழமை நாலு மணிக்குக் கூரியர்ல ஏறணும். சியோல்ல ஒரு நடிகை காத்திருக்கா. அதுவுமில்லாம, எவனாவது அதை ஈரத் துணியால தொடச்சுப் பாக்கறதுக்கு முன்னாடி நம்ம கைக்கு வந்துடணும். புரியுதா தங்கம்? உடுப்பு வந்தா நாற்காலி. வரலைன்னா கிடங்கு."

ஞாயிற்றுக்கிழமை சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தெல்லாம் பேருந்தில் வந்து வரிசையில் நின்றார்கள். நுன்சியாவைப் பிடிக்கவே மதியம் ஆகிவிட்டது. சொன்னேன்.

"இரவலா?"

"அது ஒரு நடைமுறைக்கா. நடிகைங்களுக்கும் அப்படித்தான்."

"நடிகைக்கு மழை கொண்டுவரத் தெரியுமா?"

"சாமியார் கையெழுத்துப் போட்டிருக்காரு."

"அந்தாளு மின்சார பில்லுலயே தப்பான இடத்துல கையெழுத்துப் போடுவாரு. மாதாவுக்கு இரவல் குடுக்கறானுங்களாம்! எந்த வீட்டுல பொறந்தானுங்க?"

"அக்கா, என் வேலையே இதுலதான் இருக்கு. ஏழு வருஷம் ராத்திரி வேலை. நீ ஒரு தடவ வந்து பாத்திருக்கியா?"

அவள் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். "உன் வேலைக்கு நான் மெழுகுதிரி ஏத்தறேன். நல்ல பெரிய திரியா ஏத்தறேன். உடுப்புல கை வெக்காத."

தோன் லிபோரியோவிடம் போனேன். கோயில் கூரையைச் சரிசெய்து தருவதாக நிறுவனம் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தது. மழைக்குப் பிறகு அந்த வாக்கு அவருக்கு இன்னும் இனித்திருக்கும், பலிபீடத்தின் மேலேயே ஒழுகியது.

"சாவி வேணும் சாமி."

"சாவிய நான் எப்படிடா குடுப்பேன்? உங்கக்கா என்னை உப்புக்கண்டம் போட்டுருவா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு ஒரு மணிக்குச் சாப்பிட்டுட்டுப் படுப்பேன். சாவி மேசைமேலதான் கெடக்கும். தூங்கறவன்கிட்ட யாரும் கணக்குக் கேக்க முடியாது."

திங்கள் மதியம் ஊர் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது நான் கோயிலுக்குள் போய் உள்ளே தாழிட்டேன். மாதா பக்கத்து அறையில் இருந்தாள். முகத்தில் கறுப்புக் கோட்டை யாரும் துடைக்கவில்லை. துடைக்க யாருக்கும் தைரியம் வந்திருக்காது.

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். நாற்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். கழற்றுவது சுலபம் என்று நினைத்திருந்தேன். மாடல் பொம்மைகளிலிருந்து ஆயிரம் உடுப்பு கழற்றியிருக்கிறேன். பட்டு முழுக்கக் கையில் வந்ததும் பின்னால் நகர்ந்து பார்த்தேன். தலை, இரண்டு கை, அவ்வளவுதான் மாதா. கீழே நாலு மரச்சட்டம், குறுக்கே இரண்டு, நடுவில் கோணியில் திணித்த வைக்கோல். மூன்று மின்னஞ்சலுக்கும் பதில் அப்போது தெரிந்தது. மாதாவுக்கு இடுப்பு கிடையாது.

சாவி துவாரத்தில் சத்தம் கேட்டது. உள்தாழ் பழசு, ஒரு உதையில் விழுந்தது. நுன்சியா உள்ளே வந்தாள். கையில் பூ, மேலே கறிக்கடை அங்கி.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பூவை வைத்தாள். கோணியிலிருந்து பிதுங்கிய வைக்கோலை விரலால் உள்ளே தள்ளினாள்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"நான் இருவது வருஷமாப் பாக்கறேன். வெளிய போய்ச் சொன்னதில்ல. நீயும் சொல்லாத."

"சொல்லல. உடுப்ப எடுத்துட்டுப் போறேங்கா. நாலு மணிக்குக் கூரியர்."

"நீயா கழட்டின? உன் கையால?"

"ஆமா."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. "மாதா மேலயே விட்டிருந்தா அது பாட்டுக்கு இருந்திருக்கும்டா. உங்காளுங்க கோர்ட்டுக்குப் போவாங்க, சாமியார் பிஷப்புக்கு எழுதுவாரு, பத்து வருஷம் ஓடும். கழட்டிட்டியே. மாதா மேல இருந்து எறங்குன துணிய என்ன பண்ணுவாங்க இந்த ஊர்ல? மறந்துட்டியா?"

மறந்துதான் இருந்தேன். மாதாவிடமிருந்து கழற்றிய துணி மறுபடி அவள்மேல் ஏறாது, வேறு யார்மேலும் ஏறாது. துண்டு போட்டு வீட்டுக்கு ஒன்று கொடுப்பார்கள். தலையணைக்கு அடியில் வைப்பார்கள், டிராக்டர் கண்ணாடியில் கட்டுவார்கள், ஆபரேஷனுக்குப் போகிறவன் உள்ளாடையில் குத்தி அனுப்புவார்கள். எனக்கே பள்ளி இறுதித் தேர்வுக்கு ஒரு நீலத் துண்டு கொடுத்தார்கள். ஏழு வருஷம் இரவில் விழித்திருந்தால் பகலில் பிறந்ததெல்லாம் மறந்துவிடுகிறது.

"அக்கா, வேணாம்."

"நான் வேணாம்னு நேத்தே சொன்னேன்."

கதவருகே போய் ஒரு குரல் கொடுத்தாள். கால்மணி நேரத்தில் மற்ற ஐந்து பெண்களும் கத்தரிக்கோலோடு வந்தார்கள். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே பட்டு கிழியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். மூன்றே முக்காலுக்கு ஜினெவ்ரா அழைத்தாள். குரலில் சந்தோஷம் தெரிந்தது.

"தங்கம், கூரியர நிறுத்திடு! பாரிஸ்ல எல்லாருக்கும் பைத்தியம் புடிச்சுருச்சு. அந்தக் கறுப்புக் கண்ணீர்ப் படம் உலகம் பூரா போயிருக்கு. உடுப்பு அங்கேயே, மாதா மேலேயே இருக்கட்டும். நிரந்தரமா. கீழ சின்னதா ஒரு பித்தளைத் தகடு மட்டும் வெச்சுக்கலாம்."

"சாயம்னு யாராவது கேட்டா?"

"சாயமே இல்ல. தார்வெல்லி பட்டுல சாயம் போகாது. அப்ப அது என்ன? அழுகை. நம்ம சட்டத் துறை இன்னிக்குக் காலைல எழுதியே குடுத்துட்டாங்க."

ஓர் அற்புதத்தை அங்கீகரிக்க வத்திக்கானுக்கு முப்பது வருஷம் ஆகும். எங்கள் சட்டத் துறைக்கு ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

"மேடம், உடுப்பு இல்ல. வெட்டிட்டாங்க."

"என்னது?"

"துண்டு துண்டா. வீட்டுக்கு ஒண்ணு."

என் நாற்காலி, என் ஜன்னல், எல்லாம் போய்க்கொண்டிருந்தன.

"எத்தனை துண்டு?" என்றாள்.

"நானூத்திப் பன்னெண்டு வீடு."

பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. "நானூத்திப் பன்னெண்டு," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "நம்பர் போடலாமா, தங்கம்?"

நம்பர் போட்டார்கள். ஒவ்வொரு துண்டும் கண்ணாடிச் சட்டத்தில், வரிசை எண்ணோடு, தார்வெல்லியின் அத்தாட்சிப் பத்திரத்தோடு, தகுதியுள்ள வாடிக்கையாளருக்கு மட்டும். துண்டுகளைத் திரும்ப வாங்கும் வேலை எனக்கு. ஒரு துண்டு கொண்டுவந்தால் பதிலுக்கு ஒரு அசல் தார்வெல்லி சாவிக்கொத்து, பெட்டியில், ரிப்பனோடு, காகிதப் பையில், துண்டைக் கொடுத்ததற்கு முத்திரை போட்ட ஒரு தாளோடு. துண்டைப் பிரிய மனமில்லாத வீடு அதை மிலானுக்கு அனுப்பினால், சோதித்து அசல் என்றால் தாளோடு திருப்பி அனுப்புவார்கள். மாதாவை ஊர் விற்காது என்று நான் நினைத்தேன். மாதாவை விற்கவில்லைதான். முதல் நாளே கோயில் வாசலிலிருந்து தண்ணீர்த்தொட்டி வரைக்கும் வரிசை நின்றது. மெலீனா ஆறு துண்டு கொண்டுவந்தாள்.

"வீட்டுக்கு ஒண்ணுதானே குடுத்தாங்க?"

"எனக்குப் பிள்ளைங்க ஆறு."

"அவங்க ஜெர்மனியில இல்ல?"

"துணியும் அங்கேருந்துதான் வந்துச்சு."

நாலு நாளில் ஆயிரத்து நூற்று முப்பது துண்டுகள் சேர்ந்தன. பாவாடை உள்துணி, குடைத்துணி, சவ அடக்கத்துக்குக் கட்டும் நாடா, பள்ளிக்கூடக் கரும்பலகைத் திரை என்று எல்லாம் இருந்தன. நுன்சியா வரவில்லை. கறிக்கடை வாசலில் நின்று வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மிலானுக்குக் கொண்டுபோனேன். இப்போது யாராவது ஒருவர் எது அசல், எது போலி என்று பிரிக்க வேண்டும். கிடங்கில் இருந்தவன், உள்ளூர்க்காரன், மாதா உடுத்தியிருந்ததை நேரில் பார்த்தவன். நாற்காலி கொடுத்தார்கள். நான்காவது மாடி, ஜன்னல், கீழே டிராம். கதவில் 'அத்தாட்சிப் பிரிவு' என்று எழுதினார்கள். மாத முடிவில் நிரந்தர ஆணை தருவதாகச் சொன்னார்கள்.

பிரிக்க எனக்கு அரைநாள்கூட ஆகவில்லை. ஈரப்பஞ்சால் ஒரு ஒற்று ஒற்றினால் போதும். கறுப்பு இறங்கினால் அது மாதா உடுத்தியது. இறங்காவிட்டால் மெலீனாவின் பாவாடை. இதை ஜினெவ்ராவிடம் போய்ச் சொன்னேன். அவள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"தங்கம். தார்வெல்லி பட்டுல சாயம் போகுமா?"

"போகாது மேடம்."

"அப்ப சாயம் போற துண்டு என்ன?"

அவள் காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மிலான் வெயில் நன்றாகவே அடித்தது.

"போலி," என்றேன்.

"நீ சீக்கிரம் மேல வருவ," என்றாள்.

அன்றிலிருந்து அப்படித்தான். கறுப்பு இறங்கியதெல்லாம் அழிக்கும் பெட்டிக்கு. இறங்காததில் நல்லதாக நானூற்றுப் பன்னிரண்டைப் பொறுக்கி எடுத்தேன். குடைத்துணி உறுதியானது, அதில்தான் நம்பர் அழகாக நின்றது. எண் ஒன்று துபாய்க்குப் போனது. எண் இரண்டை குவால்த்தியெரோ தன் படுக்கைக்கு மேலே மாட்டினார். எண் ஏழின் முன்னால் ஒரு பாடகி முழந்தாளிட்டிருக்கும் படம் பத்திரிகையில் வந்தது. எண் ஏழு, சவ நாடா.

மூன்றாவது வாரம் ரொக்கமூராவிலிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே உள்ளங்கை அளவு கறுப்புப் பட்டு, ஓரத்தில் பொன்னிழை. கறிக்கடை ரசீதின் பின்பக்கத்தில் அக்காவின் எழுத்து: 'இதுக்கு ஒரு தாள் போட்டு அனுப்பு.'

பெற்றுக்கொண்டேன் என்று பதில் எழுதுவதற்குள் அவளே அழைத்தாள்.

"ஊர்ல எல்லாரும் தாள் வெச்சிருக்காங்கடா. சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க. என்கிட்டதான் இல்ல. நான் வெச்சிருக்கறது போலியாம், மெலீனா சொல்றா. உடுத்துற அறைக்குள்ளேயே என்னை ஒரு மாதிரி பாக்கறாளுங்க. அடுத்த மாசம் புதுத் தலைவி போடணும்னு பேசறாளுங்க."

"நீதானே வெட்டின?"

"அதத்தான் நானும் சொல்றேன். வெட்டினவதான் மாத்தி வெச்சிருப்பான்றாளுங்க. தாள் இருந்தா வாய மூடுவாளுங்க. ஒரு தாள் போடுடா."

போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் கையெழுத்திடும் ஒவ்வொரு துண்டையும் ஆய்வகத்தில் ஒருமுறை பஞ்சால் ஒற்றுவார்கள். புது நடைமுறை, நானே எழுதிக் கொடுத்தது. கறுப்பு இறங்கிய துண்டுக்கு நான் அத்தாட்சி கொடுத்தால், ஏன் இறங்கியது என்று ஒருவன் கேட்பான். அந்தக் கேள்விக்குப் பின்னால் மற்ற நானூற்றுப் பன்னிரண்டும் வரிசையாக வரும். நிரந்தர ஆணைக்கு ஒன்பது நாள் இருந்தது.

பஞ்சை நனைத்து ஒற்றிப் பார்த்தேன். தெரிந்ததுதான், இருந்தாலும் பார்த்தேன். விரல் நுனி கறுத்தது. படிவத்தை எடுத்து நிரப்பினேன். அனுப்பியவர் பெயர், ஊர், துணியின் அளவு. முடிவு என்ற கட்டத்தில் எழுதவேண்டியதை எழுதினேன். விதிப்படி போலித் துண்டு திருப்பி அனுப்பப்படாது.

படிவம் போய்ச் சேர்ந்த அன்று காலை பத்து மணிக்கு அழைத்தாள். கத்துவாள் என்று இந்தத் தடவையும் நினைத்தேன்.

"போலியாடா?"

"ஆமாக்கா."

"நீயே உன் கையால கழட்டினதுடா அது."

"தெரியும்."

"என் முன்னாடி நின்னியே."

"ஆமா. போலி."

பின்னால் யாரோ ஆட்டுக்குட்டித் தோள் கேட்டார்கள். இருங்க என்றாள் அவர்களிடம். கத்தியைக் கட்டைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப உன் வேலை நிரந்தரமாயிருச்சு," என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். பிறகு வாடிக்கையாளரிடம் எலும்போடவா எலும்பில்லாமலா என்று விசாரிப்பது கேட்டது. தொலைபேசியை வைக்க மறந்துவிட்டாளோ, வேண்டுமென்றே வைக்கவில்லையோ, தெரியாது. அவள் வெட்டி, நிறுத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்து முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த ஆளுக்கு அவள் என்ன வேண்டும் என்று கேட்டபோது நான் வைத்துவிட்டேன்.